வீட்டுக்காரர் 2027ல பென்ஷன் வரணுமா, எக்ஸ்டென்ஷன் போகணுமா? பொண்ணு காலேஜ் செலவுக்கு எது நல்லது?

குடியாத்தம் வசந்தி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் ஆர்மில ஹவில்தார், ஈஎம்ஈ (வண்டி, மிஷின் ரிப்பேர் பாக்கற பிரிவு) ட்ரேடு, இப்ப ஜம்மு பக்கம் இருக்காரு. 2003ல சேந்தாரு, 2027 மார்ச் 31ஓட 24 வருஷம் முடியுது. இப்ப யூனிட்ல ரெண்டு வருஷ எக்ஸ்டென்ஷனுக்கு வில்லிங்கா அன்வில்லிங்கான்னு (சம்மதமா இல்லையான்னு) எழுதி குடுக்க சொல்லியிருக்காங்க, ரெண்டு வாரத்துல குடுக்கணுமாம்.

எங்களுக்கு ரெண்டு பசங்க. பொண்ணு +1 படிக்கிறா, 2027 ஆகஸ்ட்ல இன்ஜினியரிங் சேரணும்னு இருக்கா. பையன் எட்டாவது. எங்க நாத்தனார் வீட்டுக்காரர் ரிட்டையர்டு, அவர் என்ன சொல்றாருன்னா "மார்ச்லயே வெளிய வந்துட சொல்லு, வந்தா எக்ஸ் சர்வீஸ்மேன் ஆயிடுவான், பொண்ணுக்கு பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப் வரும், கவுன்சலிங்ல தனி கோட்டா இருக்கு, சர்வீஸ்ல இருந்தா ஒன்னுமே கிடைக்காது"ன்னு. வீட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணும்னுதான் ஆசை, ஆனா பொண்ணு படிப்புன்னா எதையும் விட்டுட்டு வந்துடுவாரு. போன்ல பேசும்போது "நீயே விசாரிச்சு சொல்லு"ங்கறாரு, எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல. இப்ப அவர் பேசிக் 46,200. பசங்களுக்கு வருஷா வருஷம் எஜுகேஷன் அலவன்ஸ் வருது, அது காலேஜுக்கும் வரும்தானே? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

ஓய்வு சுபேதார், திருப்பத்தூர் பதில்:

வணக்கம்மா. முதல்ல ஒன்னு, அவசரப்பட்டு அன்வில்லிங் எழுதிட வேணாம்னு சொல்லுங்க. உங்க நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்ல, ஆனா கணக்கு போடாம சொல்லியிருக்காரு.

பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப் பொண்ணுங்களுக்கு மாசம் 3,000, பசங்களுக்கு 2,500. வருஷத்துக்கு 36,000, நாலு வருஷத்துக்கு 1,44,000. நல்ல பணம்தான், இல்லன்னு சொல்லல. இப்ப அந்தப் பக்கம் பாருங்க. பேசிக் 46,200, எம்எஸ்பி (ராணுவத்துல இருக்கறதுக்குன்னு தர்ற தனி சம்பளம்) 5,200, ரெண்டும் சேந்தா 51,400. பென்ஷன் அதுல பாதி, 25,700. அதாவது அவர் மார்ச்ல வெளிய வந்தா மாசா மாசம் 25,700 குறையும், அதுக்கு மேல டிஏ வித்தியாசம் வேற, ரேஷன், கஷ்டமான ஏரியா அலவன்ஸ் எல்லாம் வேற. டிஏவ விட்டுட்டே கணக்கு போட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல. ஒன்னே கால் லட்சம், ஒன்றரை லட்சம் ஸ்காலர்ஷிப்புக்காக ஆறு லட்சத்த விடுறதா? வெளிய வந்த உடனே செக்யூரிட்டி வேலையோ பேங்க் காவலாளி வேலையோ கிடைச்சா அந்த ஓட்டைய கொஞ்சம் அடைக்கலாம், ஆனா அது உடனே கிடைக்கும்னு யாரும் எழுதி குடுக்க மாட்டாங்க. நான் வெளிய வந்து பதினொரு மாசம் சும்மா உக்காந்திருந்தேன்.

இன்னொன்னு, அந்த ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணவங்க எல்லாருக்கும் வராதும்மா. நாடு முழுக்க வருஷத்துக்கு 5,500 பேர்தான், பாதி பொண்ணுங்க பாதி பசங்க. முதல்ல போர்ல இறந்தவங்க, ஊனமானவங்க, சர்வீஸ்ல இறந்தவங்க, மெடல் வாங்கினவங்க குடும்பம், அதுக்கப்புறம்தான் நம்மள மாதிரி சாதாரணமா பென்ஷன் வந்தவங்க பிள்ளைங்க, அதுலயும் மார்க் வரிசைப்படி. 60 சதவீதம் எடுத்தா அப்ளை பண்ண தகுதி, அவ்ளோதான்.

ஆனா ஒரு விஷயத்த மறைக்க கூடாது. இது ஃபர்ஸ்ட் இயர் சேர்ற வருஷம் மட்டும்தான் அப்ளை பண்ண முடியும். பொண்ணு 2027ல சேந்து, அவர் 2029ல வந்தா, அப்ப பொண்ணு செகண்ட் இயர் முடிக்கிற நேரம், அவளுக்கு இது போச்சு. பையனுக்கு போகாது. இப்ப எட்டாவதுன்னா 2030ல காலேஜ், அப்ப அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன், ஸ்காலர்ஷிப்பு, கோட்டா எல்லாம் அவனுக்கு இருக்கும்.

கோட்டா பத்தி சொல்றேன். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல முன்னாள் படைவீரர் பிள்ளைங்களுக்கு 150 சீட் தனியா இருக்கு. யோசிக்க வேண்டியது இதத்தான், ஸ்காலர்ஷிப்ப இல்ல. பொண்ணு கட் ஆஃப் 200க்கு எவ்ளோ வரும்னு இப்பவே ஓரளவு தெரியும்ல? 190க்கு மேல போற பொண்ணுன்னா கோட்டா இல்லாமலே நல்ல காலேஜ் கிடைக்கும். 120, 130ன்னா கோட்டா இருந்தாலும் பெருசா மாறாது. நடுவுல இருந்தாத்தான் இது கவர்ன்மென்ட் காலேஜுக்கும் ப்ரைவேட் காலேஜுக்கும் உள்ள வித்தியாசமா ஆகும். அவ ஃபிசிக்ஸ், மேத்ஸ் மார்க்க பாத்துட்டு முடிவு எடுங்க.

எஜுகேஷன் அலவன்ஸ் +2 வரைக்கும்தான்மா. காலேஜுக்கு வராது. நிறைய பேர் இத நம்பி இருந்து கடைசில தடுமாறுறாங்க.

---

நர்சிங்_ஃபைனல்_இயர் பதில்:

அக்கா நான் பிஎஸ்சி நர்சிங் நாலாவது வருஷம், அப்பா ஆர்மில நாயக்கா இருந்து ரிட்டையர் ஆனவர், எனக்கு இந்த ஸ்காலர்ஷிப் வருது. சுபேதார் அங்கிள் சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம் நான் பட்டது.

ஒன்னு, பணம் மாசா மாசம் வராது, வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா நம்ம அக்கவுன்ட்டுக்கு வரும், அதுவும் செமஸ்டர் ஃபீஸ் கட்டி எத்தனையோ மாசம் கழிச்சுதான். எனக்கு ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸுக்கு அம்மா வளையல் அடகு வச்சோம், ஸ்காலர்ஷிப் வந்துதான் மீட்டோம். அதனால முதல் வருஷ ஃபீஸ் கைல இருக்கணும். அடுத்தடுத்த வருஷம் ரினீவல் பண்ணணும், 50 சதவீதத்துக்கு குறையாம பாஸ் பண்ணியிருக்கணும், ஒரு வருஷம் கோட்ட விட்டா திரும்ப பிடிக்கறது கஷ்டம்.

ரெண்டாவது பேரு. இத தயவு செஞ்சு இப்பவே பாருங்க அக்கா. நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி போடுவோம், என் மார்க் ஷீட்ல "எஸ். தமிழரசி"ன்னு இருக்கு (உதாரணத்துக்கு ஒரு பேர் சொல்றேன்), அப்பாவோட டிஸ்சார்ஜ் புக்ல கிளர்க் "தமிழ் அரசி"ன்னு நடுவுல இடம் விட்டு எழுதி இனிஷியலே போடல, ஆதார்ல அப்பா பேர் முழுசா பின்னாடி வருது, பேங்க் பாஸ்புக்ல இன்னொரு மாதிரி. நாலு பேப்பர்ல நாலு பொண்ணு. ஆன்லைன்ல அப்ளை பண்ணி ஒரு மாசம் கழிச்சு அப்ஜக்ஷன் போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பா அஃபிடவிட் எடுத்துட்டு மூணு தடவ அலைஞ்சாரு, ஒரு ஆபீஸ்ல காலைல ஒன்பது மணிக்கு போய் உக்காந்து சாயங்காலம் நாலு மணிக்கு "சீல் சரியா விழல, நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பினாங்க, அன்னைக்கு அப்பா முகத்த பாத்துட்டு எனக்கு இந்த ஸ்காலர்ஷிப்பே வேணாம்னு தோணுச்சு. கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சரியாச்சு.

சர்வீஸ்ல இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர்ல (குடும்ப விவரத்த பதியற ஆர்மி உத்தரவு) பிள்ளைங்க பேரும் பிறந்த தேதியும் மார்க் ஷீட்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு அண்ணன பாக்க சொல்லுங்க. யூனிட்ல இருக்கும்போது மாத்தறது ஈஸி, வெளிய வந்துட்டா சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்), ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்னு தபால்ல அலையணும்.

---

மகன்_தாய் பதில்:

நான் பொதுவா இங்க எழுத மாட்டேன், படிச்சுட்டு போயிடுவேன். ஆனா சுபேதார் ஐயா "போர்ல இறந்தவங்க"ன்னு எழுதினத பாத்ததும் சொல்லணும்னு தோணுச்சு, என்ன மாதிரி யாராவது இத தேடிட்டு வரலாம்.

என் வீட்டுக்காரர் காஷ்மீர்ல ஆபரேஷன்ல போயிட்டாரு, பையனுக்கு அப்ப ஏழு வயசு. எங்களுக்கு இருக்கறது ஸ்காலர்ஷிப் இல்ல, எஜுகேஷன் கன்செஷன்னு வேற ஒன்னு. 71 போருக்கு அப்புறம் கொண்டு வந்தது, 1972லருந்து இருக்கு. போர்ல, ஆபரேஷன்ல இறந்தவங்க, காணாம போனவங்க, ஊனமானவங்க பிள்ளைங்களுக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், புக்கு, யூனிஃபார்ம்னு முதல் டிகிரி வரைக்கும். 2017ல இதுக்கு மாசம் 10,000 ரூபாதான்னு ஒரு லிமிட் போட்டாங்க. அந்த ஆறேழு மாசம் நான் தூங்கல. அவர் உசுர குடுத்தாரு, அதுக்கும் ஒரு கணக்கா எழுதறாங்களேன்னு அழுதேன். நாடு முழுக்க எல்லாரும் கேட்டு, 2018 மார்ச்ல அந்த லிமிட்ட எடுத்தாங்க. பையன் இப்ப கவர்ன்மென்ட் காலேஜ்ல மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம்.

வசந்தி, உங்களுக்கு இது தேவைப்படவே கூடாது. ஆனா வீட்டுக்காரர் லீவுக்கு வரும்போது பேப்பர் எல்லாம் எங்க இருக்குன்னு கேட்டு ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கோங்க. எங்க வீட்டுல கல்யாண சர்டிபிகேட் ஒரு எடத்துல, பையன் பர்த் சர்டிபிகேட் ஒரு எடத்துல இருந்துச்சு, பதிமூணாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட நான் பீரோவ கலைச்சு தேடிட்டு இருந்தேன்.

---

பேங்க்_ஃபௌஜி பதில்:

நான் ஆர்மி சிக்னல்ஸ்ல இருந்து வந்து இப்ப ஒரு பேங்க்ல கிளர்க். லோன் பக்கத்த சொல்றேன், இத யாரும் தொடல.

ப்ரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல கவுன்சலிங்ல சீட் கிடைச்சா 2017ல ஃபீஸ் கமிட்டி வச்சது அக்ரிடிடேஷன் (தரச் சான்று) இருக்கற கோர்ஸுக்கு வருஷம் 55,000, இல்லாததுக்கு 50,000. மேனேஜ்மென்ட் கோட்டான்னா 87,000, 85,000. இது பேப்பர்ல இருக்கற டியூஷன் ஃபீஸ், பஸ், ஹாஸ்டல், அது இதுன்னு மேல ஏறும், அதனால சேர்றதுக்கு முன்னாடி நாலு வருஷத்துக்கும் சேத்து எழுதி வாங்குங்க, வாய்ல சொல்றத நம்பாதீங்க.

எஜுகேஷன் லோன் 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேணாம். 2024 நவம்பர்ல வந்த பிஎம் வித்யாலட்சுமில குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா, லிஸ்ட்ல இருக்கற காலேஜா இருந்தா, 10 லட்சம் வரைக்குமான லோனுக்கு படிக்கற காலத்துல 3 சதவீதம் வட்டி மானியம். இங்கதான் ஒரு சிக்கல் பாருங்க. சர்வீஸ்ல இருக்கற ஹவில்தாருக்கு 51,400, அது மேல டிஏ போட்டா வருஷத்துக்கு 8 லட்சத்த தாண்டிடும். பென்ஷன்ல வந்தா உள்ள வந்துடும். ஆனா இதுக்காகவும் வேலைய விடாதீங்க, மூணு பர்சன்ட் வட்டி எவ்ளோன்னு நான் தினமும் கம்ப்யூட்டர்ல பாக்கறேன், மாச சம்பளத்துக்கு முன்னாடி அது ஒன்னுமே இல்ல.

அண்ணனோட ஏஎஃப்பிபி ஃபண்டுல (ஆர்மிக்காரங்க பிஎஃப்) எவ்ளோ இருக்குன்னு கேளுங்க. அதுலருந்து பிள்ளைங்க மேல்படிப்புக்கு எடுக்கலாம். 20 வருஷத்துக்கு மேல சர்வீஸ் போட்டவருக்கு அதுல ஒரு தொகை நிக்கும். முதல் வருஷத்துக்கு அத எடுத்துட்டு, தேவைப்பட்டா செகண்ட் இயர்லருந்து லோன் போடலாம், வட்டி ஏறுறது கொஞ்சமாவது குறையும். எல்லா பணத்தையும் எடுத்துடாதீங்க, பையனும் இருக்கான்.

இன்னொன்னு, சர்வீஸ்ல இருந்தா ஒன்னுமே இல்லன்னு சொன்னது தப்பு. புனேல ஆர்மி இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி இருக்கு, 1994ல ஆரம்பிச்சது, ஆர்மிக்காரங்க பிள்ளைங்களுக்கு மட்டுமே. அப்பா சர்வீஸ்ல இருந்தாலும் சரி பென்ஷன்ல வந்திருந்தாலும் சரி. ஜேஇஇ மெயின் எழுதியிருக்கணும். ஃப்ரீ இல்ல, ஃபீஸ் உண்டு, ஆனா போட்டி நம்ம ஆளுங்களுக்குள்ள மட்டும்தான். பொண்ணு +1தானே, இப்பவே ஜேஇஇக்கும் தயார் பண்ண சொல்லுங்க.

---

ஆம்பூர்_தம்பி பதில்:

அண்ணன்களுக்கு வணக்கம், கேள்விய திசை திருப்பறதா நெனைக்காதீங்க, சம்பந்தம் இருக்கு. எங்க அண்ணன் முதல் பேட்ச் அக்னிவீர், 2027 ஆரம்பத்துல நாலு வருஷம் முடியுது. 25 சதவீதம் பேரத்தான் வச்சுப்பாங்க, மத்தவங்க வெளிய. அண்ணனுக்கு எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டால இன்ஜினியரிங் போக முடியுமான்னு வீட்ல கேக்கறாங்க.

---

ஓய்வு சுபேதார், திருப்பத்தூர் பதில்:

தம்பி, அந்த கோட்டா எக்ஸ் சர்வீஸ்மேனோட பிள்ளைங்களுக்கு, அவருக்கு இல்ல. அது மட்டுமில்ல, நாலு வருஷம் முடிச்சு வர்ற அக்னிவீருக்கு எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்தே கிடையாது, பென்ஷனும் இல்ல. அவர் படிப்புக்கு இருக்கற பணம் சேவா நிதிதான். அவர் சம்பளத்துல 30 சதவீதம் மாசா மாசம் பிடிச்சிருப்பாங்க, அதே அளவு கவர்ன்மென்ட் போட்டிருக்கும், ரெண்டும் சேந்து சுமார் 10 லட்சம், வட்டியோட 11.71 லட்சம்னு ஸ்கீம் அறிவிச்சப்ப சொன்னாங்க, வரி கிடையாது. அத கைல வாங்கின உடனே பைக்கு, வீட்டு மேல மாடின்னு போட்டுட கூடாது. அவர் வயசுக்கு அதுலருந்து ரெகுலர் காலேஜே படிக்கலாம். சர்வீஸ்ல இருக்கும்போதே இக்னோல டிகிரி போட வழி இருக்கு, ட்ரெயினிங்குக்கு பாதி கிரெடிட் குடுக்கறாங்க, அண்ணன் சேந்திருக்காரான்னு கேளு. சேரலன்னா இப்பவாவது யூனிட்ல கேக்க சொல்லு.

---

குடியாத்தம் வசந்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகன்_தாய் அக்கா, நீங்க எழுதினத நாலு தடவ படிச்சேன், என்ன சொல்றதுன்னு தெரியல, உங்க பையன் நல்லா வரணும்.

நேத்து ராத்திரி அவர்கிட்ட எல்லாம் படிச்சு காட்டினேன். பொண்ணு மேத்ஸ்ல நல்லா போடுவா, கட் ஆஃப் 175, 180 வரும்னு அவங்க மிஸ் சொல்றாங்க. அதனால கோட்டா பத்தி கொஞ்ச நேரம் பேசினோம். அவர் கடைசில சொன்னாரு, "மாசம் 25,000த்த விட்டுட்டு வந்து பொண்ணு காலேஜுக்கு கடன் வாங்கறதுக்கு, நான் ரெண்டு வருஷம் இங்க இருந்து அவளுக்கு ஃபீஸ் கட்டறேன்"னு. வில்லிங் எழுதி குடுக்கறாரு. பொண்ணு ஜேஇஇயும் எழுதறேன்னு சொல்லிட்டா.

அப்புறம் அந்த தங்கச்சி சொன்னத வச்சு பார்ட் டூ ஆர்டர பாக்க சொன்னேன். இன்னைக்கு மத்தியானம் போன் பண்ணாரு. பொண்ணு பேர் சரியா இருக்கு. பையனுக்கு பிறந்த தேதி 12ம் தேதிக்கு பதிலா 21ன்னு இருக்காம். எட்டு வருஷமா யாருமே பாக்கல. பர்த் சர்டிபிகேட் ஒரிஜினல நான் அனுப்பணுமா, இல்ல அட்டெஸ்ட் பண்ண காப்பி போதுமா? பசங்க ரெண்டு பேரும் முன்னாடி பதான்கோட், ஜபல்பூர்ல கேந்திரிய வித்யாலயால படிச்சாங்க, பொண்ணு ஒன்பதாவதுலருந்துதான் இங்க. கவுன்சலிங்குக்கு அதனால ஏதாவது பிரச்சன வருமா?

---

ஓய்வு சுபேதார், திருப்பத்தூர் பதில்:

ஒரிஜினல தபால்ல அனுப்பாதீங்கம்மா, எந்த காரணத்துக்கும். அட்டெஸ்ட் பண்ண காப்பி ரெண்டு மூணு அனுப்புங்க, அவர் அடுத்த லீவுக்கு வரும்போது ஒரிஜினல கூட எடுத்துட்டு போகட்டும். அஃபிடவிட் கேப்பாங்க, அத அவர் அங்கயே மாஜிஸ்ட்ரேட் முன்னாடி குடுத்துடலாம். திருத்தின பார்ட் டூ ஆர்டர் வந்ததும் அதோட காப்பிய ஒன்னு கைல வாங்கி வச்சுக்க சொல்லுங்க, "போயிடுச்சு சாப்"னு கிளர்க் வாய்ல சொல்றதோட விட வேணாம்.

பொண்ணு எட்டாவது வெளி மாநிலத்துல படிச்சாளா? அப்படின்னா கவுன்சலிங்குக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேப்பாங்க. எட்டுலருந்து +2 வரைக்கும் முழுசா தமிழ்நாட்டுல படிச்சவங்களுக்குதான் அது வேணாம். ஒரு வருஷம் வெளிய இருந்தாலும் வேணும். இ சேவை மையத்துல அப்ளை பண்ணலாம், விஏஓ, ஆர்ஐன்னு போய் வர நாள் ஆகும், ரிசல்ட் வர்ற நேரத்துல ஊரே அங்க நிக்கும். அடுத்த வருஷம் ஜனவரி, பிப்ரவரிலயே போட்டுடுங்க. உங்க ரேஷன் கார்டு, அவர் படிச்ச ஸ்கூல் டிசி ரெண்டையும் கைல எடுத்துட்டு போங்க.